தைவி ஆற்றுப் பள்ளத்தாக்கில் எருவும் உழைப்பும்

வேல்ஸ் நாட்டின் மேற்குப் பாகத்தில் தைவி என்னும் ஆறு மலைமேலுள்ள ஏரிகளில் உற்பத்தியாகி, சுமார் 75 மைல் ஓடி, கார்டிகன் நகருக்கப்பால் கடலிற் கலக்கிறது. இப்பள்ளத்தாக்கில் எருவின் விஷயமாக நிகழ்ந்த மாறுதல்கள், கால்நடை வைத்திருக்கும் நிலச்சுவான்தார் ஒவ்வொருவரும் அறியத்தக்கவை.

பூமியும் சீதோஷ்ணமும்

இங்கே வருஷத்தில் 40 அங்குலத்திற்கு மேல் மழை பெய்யும், கோடையும் குளிர்ச்சியானதே. ஆதலால் தானியத்தைவிடப் புல் நன்றாய்ச் செழிக்கும். திரெகரோன் என்னும் ஊரையடுத்து, பாசி முற்றிலும் மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ப் படிந்துண்டான பெரிய சதுப்புநிலம் ஒன்றுண்டு. முற்காலத்தில் ஜனங்கள் அதனை வெட்டியெடுத்து உலர்த்தி விறகாக எரித்தனர். 1955 முதல் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆற்றின் முகத்துவாரத்துக்கருகேயுள்ள மற்றொரு சதுப்பில், நாணலும் புதரும் மண்டாதிருக்க எருமைகளை மேயவிட்டிருக்கின்றனர்.

பழைய ஏற்பாடு

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆற்றின் கீழ்ப்பாகத்துக் கிராமங்களில் நிலமில்லாக் குடிசைக்காரர் பண்ணைக்காரரின் வயலில் சில வரிசை உருளைக்கிழங்கு நட்டுக்கொள்வது வழக்கம். தம் வீட்டுப் பன்றித் தொழுவத்தின் எருவைத் தாமே கொண்டுவந்து இடுவதுமுண்டு. இதற்குப் பணமாகக் குத்தகையில்லை. வரிசைகளின் கணக்குப்படி, தானிய அறுப்புக்கு அவ்வீட்டார் சில நாள் வந்து உழைத்துக் கடனைத் தீர்க்கவேண்டும். இவ்வாறு கூடிய அறுப்புக் கூட்டத்துக்கு ‘மெதெல்’ என்று பெயர்.

இதனால் மூவர்க்கும் லாபம். மழை மிரட்டும் அறுப்புக் காலத்தில் பண்ணைக்காரருக்கு ஆள் கிடைத்தது. குடிசைக்காரருக்குக் குளிர்கால ஆகாரம் கிடைத்தது. நிலமோ எருவும் கொத்தும் பெற்று, களை நீங்கி, அடுத்த பயிருக்குப் பக்குவமாயிற்று.

மாறுதலும் அதன் விளைவும்

அறுவடை யந்திரங்கள் வந்தபின் பலருடைய கைகள் தேவைப்படவில்லை. 1933-இல் பால் விற்பனைக்கென ஒரு போர்டு ஏற்பட்டு, பாலுக்கு நிச்சயமான விலையும் மாதாமாதம் பணமும் கிடைக்கவே, அநேகர் தானியத்தைக் கைவிட்டுப் பசுக்களையே நம்பினர். இன்று வேல்ஸ் நாட்டு விவசாய நிலத்தில் காய்கறிக்கும் பழங்களுக்கும் உரியது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே.

மந்தைகள் பெருகவே, சாணமும் மூத்திரமும் கழுவுநீரும் சேர்ந்த குழம்பு பெரிய தொட்டிகளில் நிரம்புகிறது. ஈரத்தில் ஊறிய பூமியில் அதனைப் பரப்பினால், மழை அதனை ஆற்றுக்கே அடித்துச் செல்லும். அதிலுள்ள பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும், பாசி அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குறையும், மீன்கள் மடியும். 2016 டிசம்பரில் திரெகரோனுக்கருகே கழிவுக் குழம்பு ஆற்றிற் கலந்து ஏராளமான மீன்கள் செத்தன. 2021-இல் தைவி உட்படப் பாதுகாக்கப்பட்ட ஒன்பது ஆறுகளைப் பரிசீலித்தபோது, அவற்றின் நீர்ப்பகுதிகளில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டவை பாஸ்பரஸ் அளவை மீறியிருந்தன. பழி முழுவதும் குடியானவர் மேலதன்று. சாக்கடை நீர் நிலையங்களின் பங்கும் பெரிது. ஆயினும், நம் பரிசலைப் போன்ற சிறு ஓடங்களில் இருவர் இருவராகச் சென்று, நடுவே வலைகட்டி மீன் பிடிக்கும் தைவிக்கரைத் தொழிலுக்கு இது பெருங்கவலை.

தற்போதைய முயற்சிகள்

2021-இல் வந்த விதிகளின்படி, கால்நடை எருவின் மூலம் இடும் நைட்ரஜன் பொதுவாக ஹெக்டேருக்கு வருஷம் 170 கிலோவுக்கு மேற்படலாகாது. இட்ட அளவுக்குக் கணக்கும் வைக்கவேண்டும். லாம்பீட்டர் நகருக்கருகே பாட்ரிக் ஹோல்டன் என்பவர் 1973 முதல் ரஸாயன உரமின்றிப் பண்ணை நடத்தி வருகிறார். குளோவர் என்னும் பயறினப் பசுந்தீவனம் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்க்கிறது; அதனை மேய்ந்த பசுக்களின் சாணம் அந்நிலத்துக்கே திரும்புகிறது. அப்பண்ணையில் காரட்டும் பயிரிடப்பட்டது. பால் பண்ணையிலேயே பாலாடைக்கட்டியாக்கப்படுகிறது.

கவனிக்கத்தக்கவை

1. எருக்குழி வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் அருகில் இருத்தலாகாது.
2. மழை வரும் குறி தோன்றும்போது எருவைப் பரப்பலாகாது. இட்டவுடன் உழுது மண்ணில் மூடுக.
3. தம் நிலம் ஏற்கும் அளவுக்கு மிஞ்சிய எருவை, எருவில்லா அயலாருக்குக் கொடுத்து, ஈடாக உழைப்போ தீவனமோ பெறலாம். கிராம உத்தியோகஸ்தர்கள் இத்தகைய ஏற்பாட்டுக்குத் துணைநிற்பது நலம்.

தைவிக்கரைக் குடிசைக்காரர் எருவைச் சுமந்து வந்தது, அது கிழங்காகும் என்று அறிந்தே. வாய்க்காலில் ஓடிய எருவோ ஒருவர்க்கும் உணவாவதில்லை.