கணினிக்குள் ஒரு கச்சேரி – 9: விலகலே அழகாகும் இடம்

ஸின்-ஆட்-சப்-எஃப்எக்ஸ் என்பது ருமேனியாவைச் சேர்ந்த நாஸ்கா ஒக்டாவியன் பால் 2002-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் சின்தசைசர். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ‘ஆட்’ கூட்டல், ‘சப்’ கழித்தல், ‘எஃப்எக்ஸ்’ எதிரொலி போன்ற ஒலி விளைவுகள். புழக்கத்தில் வெறும் ‘ஸின்’. ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம். தனி மென்பொருளாகவும் ஓடும், இசைப்பதிவு மென்பொருளுக்குள் ப்ளக்-இன்னாகவும் இயங்கும். எல்எம்எம்எஸ் என்ற இலவச இசை மென்பொருளை நிறுவினால் ஸின் கூடவே வந்துவிடும்.

ஒலியை உண்டாக்க ஸின்னில் மூன்று எந்திரங்கள் உள்ளன. கூட்டல் எந்திரம் எட்டுக் குரல்கள் வரை அடுக்கும். ஒரு குரலைக் கொண்டு இன்னொன்றை அசைக்கவும் முடியும். கழித்தல் எந்திரம் வெண் இரைச்சலில் தொடங்கி, ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் (அடிச்சுரத்தின் மடங்குகளில் ஒலிக்கும் கூறு) ஒரு குறுகிய வடிகட்டியை வைத்து வேண்டாததை நீக்கிவிடுகிறது. இவ்விரண்டும் பழகிய வழிகளே. ஸின்னைத் தனித்துக் காட்டுவது மூன்றாவதான ‘பேட்’ எந்திரம்.

அதன் அடிப்படை சேர்ந்திசையில் இருக்கிறது. இருபது பேர் சேர்ந்து ஒரே சுரத்தைப் பாடினாலும் இருபது குரலும் ஒரே அலைவெண்ணில் நிற்பதில்லை. ஒருவர் மயிரிழை மேலே, ஒருவர் கீழே. ஒவ்வொருவரும் கொஞ்சம் அசைந்துகொண்டே இருப்பார்கள். சேர்ந்திசையின் கனம் அந்தச் சிறு விலகல்களிலிருந்துதான் வருகிறது. அலைவெண் வரைபடத்தில் பார்த்தால், தனியொரு மின்னணு அலையின் மேற்சுரங்கள் ஊசி போல நிற்கும். சேர்ந்திசையின் மேற்சுரங்களோ சிறு குன்றுகளாகப் பரந்திருக்கும். மேலே போகப் போகக் குன்று அகலும். காரணம் எளிது: விலகல் விகிதத்தில் ஒன்றேயானாலும் ஹெர்ட்ஸ் கணக்கில் வளர்கிறது. 220 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 60 சென்ட் அகலம் வைத்தால் அடிச்சுரத்தின் குன்று ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ். பத்தாவது மேற்சுரத்தில் அதுவே 78 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்.)

பால் செய்த சோதனை, இந்தக் குன்றுகளை நேரடியாக வரைந்துவிடுவது. இருபது அலைகளை உண்டாக்கிக் கலக்கும் வேலையே இல்லை. மேற்சுரம் ஒவ்வொன்றும் மணி வடிவக் குன்றாகிறது. ஒவ்வொரு அலைவெண்ணின் கட்டமும், அதாவது அலை தன் சுழற்சியில் தொடங்கும் இடமும், சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாக விழுகிறது. பிறகு அந்த வரைபடத்தை ஒலியலையாக மாற்றும் ஒரே ஒரு தலைகீழ் ஃபூரியர் உருமாற்றம். அவர் தந்த மாதிரி நிரலில் அலையின் நீளம் 2,62,144 புள்ளிகள். நொடிக்கு 44,100 என்ற வேகத்தில் ஏறத்தாழ 6 விநாடி. உருமாற்றத்தின் இயல்பால் அலையின் வால் தலையோடு பிசிறின்றிச் சேர்கிறது, எவ்வளவு நேரம் சுழற்றினாலும் ஒட்டுப்போட்ட இடம் காதில் படாது. இடது காதுக்கு ஓரிடத்திலும் வலது காதுக்கு வேறிடத்திலும் தொடங்கினால் போதும், அதே அலை ஸ்டீரியோவாக விரிகிறது. இவ்வளவு மலிவாக இவ்வளவு கனம் தரும் உத்திகள் அபூர்வம்.

குன்றைக் குறுக்கினால் ஆர்கன், விரித்தால் காற்று. மேற்சுரங்களை முழு எண் மடங்குகளிலிருந்து நகர்த்தினால் வெண்கல மணி. விலையும் உண்டு: அலை முன்கூட்டியே கணக்கிடப்படுவதால், குமிழைத் திருகியபின் மறுபடி கணக்கிடப் பொத்தானை அழுத்த வேண்டும். வாசித்தபடியே ஒலியின் நிறத்தை உருக்கி மாற்ற விரும்புகிறவருக்கு மற்ற இரு எந்திரங்களே துணை.

கட்டத்தைக் குலுக்கும் இதே தந்திரத்தைப் பால் ஒலியை நீட்டும் தம்முடைய பால்ஸ்ட்ரெச் மென்பொருளிலும் கையாண்டார். 2010-இல் ஜஸ்டின் பீபரின் பாடலொன்று எட்டு மடங்கு நீட்டப்பட்டு, கடலலை போன்ற இசையாகப் பலரை வியக்கவைத்தது அதன் வேலைதான்.

ஸின்னின் பெருங்குறை அதன் முகப்பு. சாளரத்துக்குள் சாளரம், அதற்குள் இன்னொன்று. புதியவர் வழி தவறாமல் இருப்பது கடினம். பின்னர் வந்த 3.0 பதிப்பின் புதிய முகப்பு இதைப் பெருமளவு சீராக்கியது. அதற்கு முன்பே, 2009-இல், யோஷிமி என்ற கிளை மென்பொருள் பிரிந்து லினக்ஸ் பயனர்களிடையே நிலைத்துவிட்டது. பேட் முறையைப் பால் பொதுவுடைமையாக்கிவிட்டதால் அதைக் கையாள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சி-சவுண்ட் என்ற பழைய இசைநிரல் மொழியிலும் அது இப்போது ஒரு கட்டளையாக இருக்கிறது.