கைக்கடிகாரம் வாங்கும் முன் செயலியைப் பாருங்கள்

உடற்பயிற்சிக் கைக்கடிகாரம் பதிவு செய்யும் விவரங்களைக் கைத்தொலைபேசிச் செயலியில்தான் முழுமையாகப் பார்க்க முடியும். ஆகவே, வாங்கும் முன் இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்:

• கைத்தொலைபேசி: ஆப்பிள் கடிகாரத்திற்கு ஐஃபோன் தேவை. சாம்சுங்கின் புதிய கடிகாரங்களுக்கு ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி தேவை. ஃபிட்பிட் இரண்டிலும் இயங்கும்.

• எழுத்து: எண்கள் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றனவா? கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

• காலடிகள்: ஹெல்தி 365 செயலியுடன் இணைக்க முடியுமா என்று கேளுங்கள்.

• கீழே விழுந்தால்: சில கடிகாரங்கள் அதை உணர்ந்து உதவிக்கு அழைக்கும். பிள்ளைகளின் எண்ணை அவசரத் தொடர்பாக முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

• இரத்த அழுத்தம்: இதைக் காட்டும் சில செயலிகளை, கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியைக் கொண்டு அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். சாம்சுங் செயலியில் 28 நாள்களுக்கு ஒருமுறை.

நினைவில் கொள்ளுங்கள்

கடிகாரத்தால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது. செயலி “இயல்பு” என்று காட்டினாலும், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே 995ஐ அழையுங்கள். செயலி காட்டும் எண்ணை நம்பி மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பதிவுகளை அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.