தைராய்டு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும்

நன்மை செய்யும் இரு ஔஷதங்கள்

தைராய்டு சுரப்பியின் குறைவுக்காக ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த லெவோதைராக்சினும், ரத்தசோகைக்காக மற்றொரு வைத்தியர் எழுதிக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையும் தனித்தனியே தேகத்துக்கு நன்மை செய்பவையே ஆயினும், இரண்டையும் காலையில் ஒருசேர விழுங்கிவிடும் வழக்கம் முன்னதன் பயனைக் கெடுத்துவிடுகிறது என்பதைப் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

குடலில் நடப்பது என்ன?

லெவோதைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சேரவேண்டிய மருந்து. இரும்பும் கால்சியமும் அதனைக் குடலிலேயே பற்றிக்கொள்வதால், அதில் ஒரு பகுதி ரத்தத்தை எட்டாமல் வீணாகிறது. உடனடியாக வலியோ மயக்கமோ தோன்றுவதில்லை. சில வாரங்கள் சென்றபின் அசதியும் மலச்சிக்கலும் தலைகாட்ட, ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச். உயர்ந்து காணப்படுகிறது. காரணம் வெளிப்படாமையால் மருந்தின் அளவு கூட்டப்பட்டு, பிறகு ஒரு நாள் இரும்புச் சத்து மாத்திரை நிறுத்தப்படுமானால், கூட்டிய அளவு தடையின்றி உடலில் சேர்ந்து நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் விளைவிக்கக்கூடும்.

கர்ப்பிணிகளின் விஷயம்

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்தே கிடைக்கவேண்டியிருப்பதாலும், நம் நாட்டில் 4-ஆம் மாதம் முதல் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தும் கால்சியமும் வழக்கமாகவே கொடுக்கப்படுவதாலும், தைராய்டு குறைபாடுள்ள கர்ப்பிணிகளுக்கு இவ்விஷயத்தில் விசேஷ கவனம் அவசியம்.

வேளையை வகுத்துக்கொள்ளும் முறை

காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சினைத் தண்ணீரோடு மட்டும் உட்கொண்டு, அரை மணி முதல் 1 மணி நேரம் வரை காபியையும் பலகாரத்தையும் ஒத்திவைக்க வேண்டும். இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் லெவோதைராக்சினை உட்கொண்டு குறைந்தது 4 மணி நேரம் கழித்தே உட்கொள்ள வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையிலேயும் 2 மணி நேரம் விடுவது நலம். மதியம் இரும்புச் சத்து, இரவு உணவோடு கால்சியம் என்று வைத்தியரின் சம்மதத்தோடு வகுத்துக்கொண்டால் மூன்றும் தத்தம் பயனைத் தரும். கால்சியத்தை இருவேளை உட்கொள்வோர் இரண்டாம் வேளையை அவரிடமே நிச்சயித்துக்கொள்ளட்டும்.

வைத்தியரிடம் மறைக்கலாகாது

இதைப் படித்த அச்சத்தில் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடுவது பெரும் பிழையாகும். இங்கே விலக்கவேண்டியது மருந்தன்று, வேளைப் பிசகு. ஆதலால், எந்த வைத்தியரிடம் சென்றாலும், கடையில் தாமே வாங்கிய சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து உட்பட அனைத்தையும் எடுத்துச் சென்று காட்டி, எதை எப்பொழுது உட்கொள்கிறோம் என்பதையும் தெளிவாகச் சொல்லுவது ஒவ்வொரு நோயாளியும் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டிய கடமை.