வயரைக் கழற்றினால்தான் அது பக்கப்

விண்டோஸ் 10 பற்றி வரும் கடிதங்களில் ஒரே பயம்தான் திரும்பத் திரும்ப இருக்கிறது. ஒக்டோபர் 13ஆம் திகதி வந்தால் கொம்பியூட்டரில் உள்ளதெல்லாம் போய்விடுமா? போகாது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விரும்பிப் பதிந்தவர்களுக்குக் கொடுத்த ஓராண்டு நீட்டிப்பு 2026 ஒக்டோபர் 13இல் முடிகிறது. அதன் பிறகும் மெஷின் ஓடும், பைல்கள் இருந்த இடத்தில் இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இருக்காது.

உண்மையில் பயப்பட வேண்டிய விசயம் புளியங்குளத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில் இருந்தது. ஏ9 வீதியிலிருந்து நெடுங்கேணி, முல்லைத்தீவுப் பக்கம் வீதி பிரிகிற சந்திக்குக் கிட்ட போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் பெண் எழுதியிருந்தார். சுற்றுவட்டாரச் சனத்தின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பார். பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், விவாகப் பதிவு என்று எது கொண்டுவந்தாலும் ஸ்கேன் பண்ணி, ஆளுக்கொரு போல்டரில் போட்டு வைப்பார். அடுத்த முறை வருகிறவர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரு நாள் அந்தப் போல்டர்கள் எல்லாம் காணாமல் போயின.

தொலைபேசியில் கேட்டேன். "அண்ணா, நான் இன்ரநெற்றில இருந்ததைத்தானே அழிச்சனான். கொம்பியூட்டரில இருந்ததை நான் தொடவே இல்லை" என்றார்.

அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. திரையில் எழுதியிருந்ததை அவர் நம்பினார். திரையில் எழுதியிருந்த 'பக்கப்' என்ற சொல்தான் பிழை.

நடந்தது இதுதான். ஓராண்டு நீட்டிப்பைப் பெற மூன்று வழிகள் வைத்தார்கள். 30 அமெரிக்க டொலர் கட்டலாம், மைக்ரோசொப்டின் 1,000 பரிசுப் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பக்கப் என்ற செயலியை இயக்கி உங்கள் கணினியின் அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் ஏற்றலாம். மூன்றாவதை இலவசம் என்றார்கள். ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அங்கே அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். இலங்கைக்கு அந்தத் தளர்வு இல்லை. சந்திக் கடையில் உள்ளவர் 30 டொலர் கட்டமாட்டார், மூன்றாவதைத்தான் அழுத்துவார். அமைப்புகளை ஏற்றினாலே நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் அதே செயலியில் டெஸ்க்டொப், டொக்கியுமன்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களுக்கும் 'பக்கப்' பட்டன்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்திவிட்டுப் போவதுதான் யாருக்கும் சுலபம்.

அழுத்தியவுடன் அந்தப் போல்டர்களின் இருப்பிடமே மாறிவிடுகிறது. அவை மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவின் போல்டருக்குள் இடம்பெயர்கின்றன. திரையில் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. அதே டெஸ்க்டொப், அதே போல்டர்கள்தான். அன்றிலிருந்து கணினிக்கும் நிறுவனத்தின் சேர்வருக்கும் இடையில் ஒரே ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்: இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இங்கே எழுதினால் அங்கே எழுதப்படும். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். இதற்கு ஒத்திசைவு என்று பெயர். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் கூடவே இறங்கும்.

ஒன்ட்ரைவில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி. ஸ்கேன் பண்ணுகிற கடைக்கு அது சில மாதங்கள்கூடத் தாங்காது. நிரம்பியதும் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வரத் தொடங்கும். காசு கட்டுங்கள், இல்லையென்றால் எதையாவது அழியுங்கள். கடைக்காரப் பெண் தன் போனில் ஒன்ட்ரைவ் தளத்தைத் திறந்து, அங்கே இருப்பது வெறும் பிரதி என்று நினைத்து, பழைய போல்டர்களை அழித்தார். அடுத்த நாள் கடையைத் திறந்து கணினியைப் போட்டார். அது இணையத்தில் இணைந்து, கட்டளையை நிறைவேற்றியது.

என்னை அதைவிடக் கலங்க வைப்பது இன்னொன்று. கணினியில் இடம் மிச்சம் பிடிக்க, சில பைல்களை ஒன்ட்ரைவ் தன் சேர்வரில் மட்டும் வைத்துக்கொள்ளும். கணினியில் மிஞ்சுவது பெயர் மட்டும்தான். பைலின் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சிறு மேகப் படம் இருந்தால் அந்தப் பைல் உங்கள் மெஷினில் இல்லை. வெள்ளை வட்டத்துக்குள் பச்சைச் சரி அடையாளம் இருந்தால் இப்போதைக்கு இருக்கிறது. முழுப் பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சரி அடையாளம் இருந்தால்தான் எப்போதும் இருக்கும். இரண்டு இடத்தில் பத்திரமாக இருப்பதாக நீங்கள் நினைத்திருந்த பைல் ஓர் இடத்தில்தான் இருந்திருக்கும், அதுவும் உங்களுடைய இடம் அல்ல. இதைப் படித்ததும் உங்கள் டொக்கியுமன்ட்ஸ் போல்டரைத் திறந்து அந்த அடையாளங்களை ஒரு தடவை பாருங்கள்.

கடைக்காரப் பெண்ணுக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. தனியாள் கணக்குகளில் அழித்தவை ஒன்ட்ரைவ் தளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாட்கள் கிடக்கும். அந்தப் பின் நிரம்பினால் பழையவை அதற்கு முன்பே போகலாம். நாங்கள் கதைத்தது 24ஆம் நாள். போனில் என்னை வைத்துக்கொண்டே தளத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கிடக்குதண்ணா" என்றார். அவர் முதலில் திறந்து பார்த்தது ஒரு வயதான அம்மாவின் காணி அனுமதிப்பத்திரம். மடிப்பில் கிழிந்து, ஓரத்தில் ஈரக்கறை படிந்த பத்திரத்தின் ஸ்கேன். இடம்பெயர்ந்த காலமெல்லாம் சொப்பிங் பையில் சுற்றி, உடுப்புக்குள் வைத்துக் காப்பாற்றிய காகிதம் அது. ஷெல்லுக்குள்ளும் மழைக்குள்ளும் தப்பி வந்த பத்திரத்தின் பிரதி ஒரு பட்டனில் போகப் பார்த்தது.

அரசாங்கமே இதே குழியில் விழுந்ததால் இதைக் கடைக்காரரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஓகஸ்ட் கடைசியில் லங்கா அரச மேகக் கணிமையை ரான்சம்வெயார் தாக்கியது. பைல்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நிரல் அது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தினுடையது உட்பட. அரசின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையம் 12 மணித்தியாலத்துக்குள் மீட்டுவிட்டதாகச் சொன்னது. எதை மீட்டார்கள் என்று கேட்க வேண்டும். மின்னஞ்சல் சேவை திரும்ப ஓடியது. 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு, வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. ஓடிய மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. நாளாந்தம் கழற்றிய பிரதி எடுக்கும் முறை தாக்குதலுக்குப் பிறகுதான் அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவு அதே அரச மேகத்திலிருந்து அழிந்து நாடே பேசியது. அந்தப் பாடம் மின்னஞ்சல் சேர்வர் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

பணக்கார நாடுகளுக்கும் இது நடக்கிறது. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜொன் நகரிலிருந்த அரச தரவு மையத்தில் பற்றரிகள் தீப்பிடித்தன. அரச ஊழியர்களின் வேலைப் பைல்கள் இருந்த 'ஜி டிரைவ்' முழுதாக எரிந்தது, 858 டெராபைட். சொந்தக் கணினியில் வைக்க வேண்டாம், இதில் வையுங்கள் என்று அரசாங்கமே ஊழியர்களுக்குச் சொல்லியிருந்த இடம் அது. வெளியே பிரதி இல்லை. அளவு மிகப் பெரிது, அதனால் எடுக்கவில்லை என்றார்கள்.

ஆகவே 'பக்கப்' என்ற சொல்லை யார் சொன்னாலும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். மூலத்துக்கு வருகிற கேடு அந்தப் பிரதிக்கும் போய்ச் சேர வழி இருக்கிறதா? வழி இருந்தால் அது பக்கப் இல்லை.

வன்னிச் சனத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1997இல் ஜயசிக்குறு படை நடவடிக்கையின்போது புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாக இருந்தது. 2008, 2009இல் மறுபடியும் ஊரோடு ஓடினார்கள். வீட்டிலிருந்த சான்றிதழ் போனது, இங்கிருந்த அலுவலகப் பதிவேடுகளும் பல இடங்களில் போயின. ஆனால் பிறப்பைப் பதியும்போதே இரண்டாம் பிரதி ஒன்று கொழும்பிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்குப் போகிற ஏற்பாடு நாட்டில் இருந்தது. போருக்குப் பின் நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்றவர்களில் பலருக்கு அந்தப் பிரதியிலிருந்துதான் புதுச் சான்றிதழ் கிடைத்தது. அது கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ்தான். இங்கே எரிந்த தாளுக்கும் கொழும்பில் இருந்த தாளுக்கும் நடுவில் எந்த வயரும் இல்லை. அதனால்தான் அது தப்பியது.

விண்டோஸ் 10 நீட்டிப்பின் கடைசித் திகதி விழுகிற மாதத்தையும் பாருங்கள். ஒக்டோபரில் வன்னியில் பின்னேரம் இடி முழக்கம். மின்னல் வயரில் இறங்கினால் கணினியும் போகும், அதில் குத்தியிருக்கும் வெளி ஹாட் டிஸ்க்கும் போகும். வெளி ஹாட் டிஸ்க் வாங்கி, வருடக்கணக்காகக் கழற்றாமல் குத்தியபடியே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ரான்சம்வெயாரும் குத்தியிருக்கும் டிஸ்க்கைத் தேடிப் போய்ப் பூட்டும்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. வெளி ஹாட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றைக் குத்தி, விண்டோஸின் பழைய பைல் ஹிஸ்டரி வசதியை இயக்குங்கள். அது பைலின் பழைய நிலைகளையும் சேர்த்து வைக்கும். இன்று பழுதாக்கிய கடிதத்தின் நேற்றைய வடிவம் கிடைக்கும். வேலை முடிந்ததும் கழற்றுங்கள். அடுத்த வாரம் மற்ற டிஸ்க். கழற்றிய ஒன்று கடையில் இருக்கும்போது மற்றது வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கட்டும். ஒன்ட்ரைவையும் கூகிளையும் விட்டுவிடச் சொல்லவில்லை. போன் தொலைந்தால் அவை உதவும். அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மற்றக் கடிதங்களுக்குச் சுருக்கமாக:

ஒன்ட்ரைவ் பக்கப்பை நிறுத்தினேன், டெஸ்க்டொப் வெறுமையாகிவிட்டது. பைல்கள் ஒன்ட்ரைவ் போல்டருக்குள் இருக்கும், வெட்டி வெளியே ஒட்டுங்கள்.

கூகிள் போட்டோஸில் படத்தை அழித்தால் போனிலும் போகுமா? போகும். ஏற்றிய படம் 60 நாள் குப்பையில் கிடக்கும். போனில் மட்டும் இடம் காலியாக்கத் தனிப் பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள்.

வெளிநாட்டில் காலமான மகனின் ஜிமெயிலில் படங்கள் இருக்கின்றன. இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கைக் கூகிள் அழிக்கலாம். கடவுச்சொல் தெரிந்தால் இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

பென் டிரைவ் போதுமா? கைமாற்றப் போதும், வருடக்கணக்கில் வைத்திருக்கப் போதாது.

ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்தவை வருமா? பழைய வகை ஹாட் டிஸ்க் என்றால் உடனே மெஷினை நிறுத்தினால் வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் வராது.

கப்பம் கட்டலாமா? கட்ட வேண்டாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. முதலில் அங்கே பாருங்கள்.

விண்டோஸ் 11க்கு மாறினால்? புதிய மெஷின்கள் டிஸ்க்கைத் தாங்களாகவே பூட்டி வைக்கின்றன. 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசொப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் எந்தத் திருத்துநராலும் திறக்க முடியாது.

பக்கப் இருக்கிறது, சோதிக்க வேண்டுமா? கட்டாயம் சோதிக்க வேண்டும். 2017 ஜனவரி 31இல், மென்பொருள் எழுதுவோரின் நிரல்களை வைத்திருக்கும் கிட்லாப் நிறுவனம் தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, ஐந்து வகைப் பக்கப் ஏற்பாட்டில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஓர் ஊழியர் கையால் எடுத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது.

புளியங்குளத்துக் கடையில் இப்போது டிஸ்க் இரண்டு. ஒன்று வவுனியாவில் அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறது. நீங்களும் ஒக்டோபரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கொப்பி எடுங்கள், டிஸ்க்கைக் கழற்றுங்கள், அதை வேறொரு மெஷினில் குத்தி ஒரு பைலைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் உடனே எழுதுங்கள்.