‘காஞ்சிவரம்’ காட்டும் நெசவாளர் வாழ்வும் பருத்தி வட்டார வாசிப்பும்

முன்னுரை

தேசியத் திரைப்பட விருதுகள் 1954 முதல் வழங்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஆண்டின் சிறந்த படத்திற்குரிய தங்கத் தாமரையைத் தமிழில் ‘மறுபக்கம்’ (1990), ‘காஞ்சிவரம்’ (2007), ‘சூரரைப் போற்று’ (2020) ஆகியன பெற்றுள்ளன. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ பட்டு நெசவாளர் வாழ்வைப் பேசுவது. பருத்தித் தொழில் வேரூன்றிய இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நின்று அப்படத்தை எவ்வாறு வாசிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டும் நெசவாளனும்

விடுதலைக்கு முற்பட்ட காஞ்சிபுரத்தில் நெசவாளன் வேங்கடம், மகளைப் பட்டுச்சேலை உடுத்தி மணமுடித்து அனுப்புவதாக வாக்களிக்கிறான். கூலியைக் கொண்டு அதனை வாங்க இயலாமையால், முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து பட்டிழைகளை வாயில் மறைத்து எடுத்து வருகிறான். பொதுவுடைமைக் கருத்தால் ஈர்க்கப்பட்டு வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துபவனும் அவனே. கூலி உயரத் தறி நிற்க வேண்டும். இழை கிடைக்கத் தறி ஓட வேண்டும். இம்முரணே கதையை நகர்த்துகிறது. இறுதியில் முற்றுப்பெறாத சேலையால் இறந்த மகளைப் போர்த்துகையில், முகத்தை மூடினால் கால் தெரிகிறது; காலை மூடினால் முகம் தெரிகிறது. நெய்தவனுக்கு நெய்த பொருள் உரியதாகாத நிலையை அக்காட்சி உணர்த்துகிறது.

பருத்தியின் இடர்

இவ்வட்டாரத்தின் தொழிலமைப்பு வேறானது. இராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலையை நிறுவினார். சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணியும், திருவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியத்தில் கைத்தறிப் பருத்திச் சேலையும் நெய்யப்படுகின்றன. பருத்திச் சேலை நெசவாளிக்கு எட்டாத பொருளன்று. அவருடைய இடர் நூல் விலையிலும் கூலியிலும் விசைத்தறியின் போட்டியிலும் உள்ளது. வேங்கடத்தின் துயரத்தை நெசவாளர் அனைவருக்கும் பொதுவாக்கினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். மேலும், கதை 1948உடன் முடிவதால், நெசவாளர் துயரம் கடந்தகாலத்துக்குரியது என்ற எண்ணமும் எழக்கூடும். கைத்தறி நெசவாளரின் நெருக்கடியைப் பேசிய தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) நாவலை உடன்வைத்துப் பயில்வது இவ்விரு குறைகளையும் ஈடுசெய்யும்.

முடிவுரை

ஓர் ஊரின் கதையைச் சொல்லும் படத்திடம் எல்லா ஊர்களின் கதையையும் எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆயினும், தேசிய விருது பெற்ற படைப்பு பாடமாகும்போது அதுவே முழுமையான சான்றாகக் கொள்ளப்படும் வாய்ப்பு மிகுதி. பாவு, ஊடை, தார், குழித்தறி முதலிய சொற்களை நெசவுக் குடும்பத்து மாணவர்கள் இல்லத்திலேயே அறிந்துள்ளனர். தறிகள் குறையுந்தோறும் இச்சொற்களின் வழக்கும் சுருங்கும். ஆதலின், இப்படத்தைப் பயிற்றுவிப்போர் மாணவரைக் கொண்டு அவரவர் ஊரின் நெசவுச் சொற்களையும் கூலிமுறையையும் களஆய்வில் தொகுப்பிக்கலாம்.