கடலோர வீட்டில் காபிக்கொட்டை நிறம்

வண்ண அட்டையில் காபிக்கொட்டை, சாக்லேட், தேக்கு என்று பல பெயர்களில் இருக்கும் அடர் பழுப்பு, கதவையும் ஜன்னலையும் தாண்டி இப்போது கூடத்துச் சுவருக்கு வந்துவிட்டது. புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊருக்கு இது அந்நிய நிறமில்லை. நைலான் வருவதற்கு முன், கடற்கரை ஊர்களில் பருத்தி வலை இற்றுப்போகாமலிருக்க அதைத் துவர்ப்புள்ள மரப்பட்டை, காய்ச் சாறுகளில் ஊறவைப்பார்கள். சாறு ஏறிய வலை பழுப்பேறிக் கறுத்திருக்கும். வலைக்குச் சரி, பத்துக்குப் பத்து கான்கிரீட் அறைக்கு? நான்கு சுவருக்கும் அடித்தால் கெட்டது. ஒரு சுவரோடு நிறுத்தினால், இந்த ஊர் வெயிலுக்கு இதைவிட இதமான நிறம் குறைவு.

புதுச்சேரியின் பழைய தமிழர் வீடுகளில் தூண், உத்தரம், கதவு எல்லாம் கரும்பழுப்பு மரம்; சுவரோ வெள்ளைச் சுண்ணாம்பு. 1930களின் பிற்பகுதியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைப்பில் எழத் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதியும் அதே கணக்குதான்: மழமழவென்று தேய்த்த வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், கரிய கடப்பைக்கல் தரை, தேக்குச் சட்டங்கள் கோத்த கதவுகள். கறுப்பும் பழுப்பும் அங்கே எடுப்பாகத் தெரிவதே வெள்ளையின் தயவால்தான்.

அறை இருண்டுவிடும் என்ற பயம் நியாயமானது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். அடர் பழுப்பு பத்தில் ஒரு பங்கு அனுப்பினாலே அதிகம். ஆகவே ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரைத் தொடக் கூடாது. உள்ளே வரும் வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்புவது அதுதான். ஜன்னல் இருக்கும் சுவரும் வேண்டாம். கருஞ்சுவர் நடுவே வெயில் இன்னும் கண்ணைக் கூசும். மிஞ்சுவது பக்கச்சுவர். சூடு ஏறும் என்பதோ வீண் பழி. வெப்பம் இறங்குவது மொட்டை மாடி வழியாகவும் வெயில் படும் வெளிச்சுவர் வழியாகவும். உள்ளே அடிக்கும் நிறத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. சாயம் போகும் கவலையும் வேண்டாம். இந்தப் பழுப்புகளுக்குப் பெரும்பாலும் அடிப்படை இரும்பு ஆக்சைடு. காவிக்கல்லின் நிறமும் அதே பொருள்தான். வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் அது அசையாது.

உண்மையான எதிரி உப்பு. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரில் உலரும்போது உப்பை மேலே விட்டுப் போகிறது. உப்புள்ள மணலில் பூசிய சுவரென்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளைச் சுவரில் கண்ணுக்குத் தப்பும் அந்த மாவு, பழுப்பில் தேமல் மாதிரி தெரியும். கீழே மூன்றடிக்கு மட்டும் பழுப்புப் பட்டை என்ற அழகான யோசனை தரைத்தள வீடுகளில் தோற்பது இதனால்தான். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, பங்குனி வெயிலில் சுவரைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் வெள்ளை ஒட்டினால், பட்டி வைத்து மறைப்பது ஒரு வருடத்துக்குக்கூடத் தாங்காது. ஓதத்தை நிறுத்தி, பழைய பூச்சைக் கொத்திவிட்டுத்தான் பெயிண்டைப் பற்றிப் பேசலாம். இரண்டு அறைகளுக்கு நடுவே உலர்ந்த சுவர் இருந்தால் அதுவே போதும். பளபளப்பு வேண்டாம், டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டியின் மேடுபள்ளமெல்லாம் காட்டிக் கொடுக்கும். மேட் பூச்சில் நாற்காலி உரசினால் வெள்ளைக் கீறல் விழும். அதற்கென்று அதே கலவையில் கால் லிட்டர் எடுத்து வைக்கலாம், மறுமுறை கலக்கும்போது ஷேட் இம்மி பிசகினாலும் ஒட்டுப்போட்டது தெரியும்.