ஆசிரியர் கற்கும் கணக்கு

மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புவர். ஆசிரியரைப் பற்றி மட்டும் நம்மவர் எண்ணம் வேறாக உள்ளது. பட்டமும் பயிற்சிச் சான்றும் பெற்று வகுப்பினுள் நுழைந்தவர் கற்று முடித்தவர் என்றும், இனி அவர் கொடுக்க வேண்டியவரேயன்றிக் கொள்ள வேண்டியவர் அல்லர் என்றும் பலர் கருதுகின்றனர். ஆசிரியர் பணியில் வளர்கின்றாரா? வளர்கின்றார் எனின் எவ்வாறு வளர்கின்றார்? நல்ல கற்பித்தல் என்பதுதான் யாது? கோலார் தங்கவயலைச் சார்ந்த சாம்பியன் ரீப்ஸில் கணக்கும் அறிவியலும் கற்பித்துவரும் யான், என் பட்டறிவைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை கூற முயல்கின்றேன். இம்மலரைப் படிக்கும் மாணவர் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர்கள். அவர்களுக்கு இது சிறிதேனும் பயன்படும் என்று நம்புகின்றேன்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை நாம் எழுத்துக்கும் சொல்லுக்கும் உரிய இலக்கணமாகவே படிக்கின்றோம். அதன் பொதுப்பாயிரமோ கற்பித்தலுக்கே ஓர் இலக்கணம். நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறும் அப்பாயிரம், கற்பிக்கத் தகாதவரையும் விடவில்லை. கழற்சிக்காய் இட்ட குடத்தில் போட்ட வரிசை ஒன்று, வெளிவரும் வரிசை வேறொன்று. பஞ்சு அடைத்த குண்டிகையிலோ அரிதின் முயன்று அடைத்ததை அரிதின் முயன்றே பிய்த்தெடுக்க வேண்டும். இவ்விரு குடங்களையும் நாம் எல்லோரும் நம் மாணவப் பருவத்தில் கண்டிருக்கின்றோம் அல்லவா?

ஆனால் யான் அப்பாயிரத்தில் பெரிதும் மதிப்பது வேறோர் இடம். அங்கே முனிவர் ஒரு கணக்குப் போடுகின்றார். ஆசிரியர் கூறியதை மாணவன் நன்றாகவே ஏற்றுக்கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான் அவனைச் சேரும். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் கிட்டும். மாணவனுக்காகச் சொல்லப்பட்ட இக்கணக்கு ஆசிரியரின் வளர்ச்சிக்கும் அப்படியே பொருந்துகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒவ்வொரு கூறாக நோக்குவோம்.

முதற் காற்கூறு பயிற்சியால் வருவது. பாடத்தைப் பகுத்தல், வினாக்களை அமைத்தல், கரும்பலகையை ஒழுங்காகப் பயன்படுத்தல் முதலியவற்றைப் பயிற்சிக் கல்லூரி எனக்குக் கற்பித்தது. இதைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. பணியில் சேர்ந்த பின்னரும் ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகின்றது. நன்று. ஆயின் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1000 மணி நேரக் கற்பித்தலை வகுத்துள்ளது. அந்நேரம் முழுவதையும் ஒருவரே கற்பிப்பதில்லை என்பது உண்மை. எனினும் பயிற்சிக் கூடத்தில் இருக்கும் நேரத்தைப் போலப் பன்மடங்கு நேரம் ஆசிரியர் மாணவர் முன் நிற்கின்றார் என்பதில் ஐயமில்லை. அவர் கற்கக் கூடிய பெரிய பள்ளி அவருடைய வகுப்பறையே.

வகுப்பறையில் அவர் கற்க வேண்டியது எது? அமெரிக்கக் கல்வி அறிஞர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். பாடப்பொருளை அறிதல் ஓர் அறிவு. கற்பிக்கும் முறைகளை அறிதல் மற்றோர் அறிவு. இவ்விரண்டும் போதா. இந்தப் பாடத்தில் மாணவர் எங்கே இடறுவர், எந்த எடுத்துக்காட்டு அவர்களுக்குக் கதவைத் திறக்கும் என்பதை அறிதல் மூன்றாவது அறிவு. கணித வல்லுநரிடமும் இது இராது. கல்விக் கொள்கை நூல்களைக் கரைத்துக் குடித்தவரிடமும் இராது. கொள்பவர் எந்த வகையில் கொள்வார் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும் என்று நன்னூலார் அன்றே வற்புறுத்தியது இதனைத்தான்.

இதனை விளக்க என் ஊரைச் சிறிது அறிமுகம் செய்தல் வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கப் பணியை மேற்கொண்டது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறுவதை இங்குள்ள முதியோர் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பர். அச்சொல்லைக் கேட்டால் இன்றும் அவர்கள் முகம் மாறும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று என் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எவரும் அவை இயங்கக் கண்டவர் அல்லர். அவர்களுடைய பெற்றோர் பலர் விடியுமுன் மாரிகுப்பம் இரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில்தான் திரும்புகின்றனர். வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

இப்பிள்ளைகளுக்கு விகிதம் கற்பிக்க வேண்டும். பாடநூலில் மாம்பழமும் பென்சிலும் இருந்தன. யான் இக்கணக்கைக் கொடுத்தேன்: தங்கவயலில் 1880 முதல் 2001 வரை ஏறத்தாழ 5 கோடி டன் கல் வெட்டப்பட்டு, அதிலிருந்து ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. அப்படியாயின் ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் பொன்? 800 டன் என்பது 80 கோடி கிராம். அதனை 5 கோடியால் வகுத்தால் 16 கிராம். ஒரு பவுன் 8 கிராம் ஆதலின், ஒரு பவுனுக்கு அரை டன் கல். விடை வந்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று. பாட்டியின் இரண்டு பவுன் சங்கிலிக்கு ஒரு டன் கல் என்று ஒரு மாணவி தானே கணக்கிட்டாள். இவ்வளவு பொன் கிடைத்த சுரங்கத்தை ஏன் மூடினார்கள் என்று மற்றொருவன் கேட்டான். இறுதிக் காலத்தில் ஒரு டன்னுக்கு 3 கிராம் அளவுக்குப் பொன் குறைந்துவிட்டது என்று மட்டும் கூறினேன். ஒரு பவுனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேல் வெட்ட வேண்டும், அதையும் மிக ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டும் என்று அவர்களே கண்டுகொண்டனர். தம் ஊரின் வரலாற்றை ஒரு வகுத்தல் கணக்கு விளக்கும் என்பது அவர்களுக்குப் புதிது. மாம்பழக் கணக்கில் இந்தக் கேள்வி பிறந்திராது.

இரண்டாவது காற்கூறு உடன் பணிபுரிவோரால் வருவது. தனித்து நின்று வளர்ந்த அறிவு உலகில் அரிது. அதற்குச் சான்று சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்திலேயே உண்டு. 1965இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய இடங்களின் அறிஞர்கள் ஒன்றுகூடி, இச்சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். விண்ணிலிருந்து வரும் கதிர்களைத் தலைக்கு மேலுள்ள பாறை சல்லடைபோல் தடுத்துவிட, எதனையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோவின் அடையாளம் மட்டும் எஞ்சியது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை முதன்முதல் உணர்ந்த இடங்களுள் எங்கள் ஊரும் ஒன்று. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவினர் அதே ஆண்டில் இதனைக் கண்டனர். மூன்று நாட்டார் ஒரு குழியில் இறங்கிச் சேர்ந்து செய்த வேலை அது.

ஆசிரியரும் இவ்வாறு சேர்ந்து இறங்கலாம். ஜப்பானியப் பள்ளிகளில் ‘பாட ஆராய்ச்சி’ என்னும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆசிரியர் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதனைக் கற்பிப்பார். ஏனையோர் வகுப்பில் இருந்து நோக்குவர். பின்னர்க் கூடி ஆராய்ந்து திருத்துவர். இம்முறையில் பார்க்கப்படுபவர் ஆசிரியர் அல்லர், மாணவர். ஆதலின் குற்றங்காண்பாருக்கு அங்கே வேலை இல்லை. இதனைப் படித்தறிந்த நாங்கள் மூவர், மேற்கூறிய விகிதப் பாடத்தை அவ்வாறே நடத்திப் பார்த்தோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த நண்பர் ஒன்றைக் குறித்துக்கொண்டு வந்தார். பாடம் நடக்கையில் தலையசைத்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் தாளில் ஒன்றும் எழுதவில்லை. அவன் அருகிலிருந்த சிறுமி மெல்லிய குரலில், தமிழிலே, “டன்னை முதலில் கிராமாக்கு, அப்புறம் வகு” என்றாள். உடனே அவன் எழுதத் தொடங்கினான். பலகை முன் நிற்பவரின் கண்ணுக்கு இது எட்டாது. உடன் பணிபுரிவோர் தரும் காற்கூறு இத்தகையது.

இனி எஞ்சியிருப்பது அரைக்கூறு. எடுத்துரைப்பதால் வரும் அறிவு ஆசிரியருக்கு நாள்தோறும் தானாகவே வந்து சேருகின்றது. விகிதத்தை முப்பது முறை விளக்கியவர் முப்பது முறை அதனைக் கற்றவர். ‘கற்பிக்கத் தொடங்கிய பின்னரே எனக்கு விளங்கியது’ என்று கூறாத ஆசிரியர் இலர். இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பில் அந்த அரைக்கூறு முழுவதும் யாருக்குச் சேர்கின்றது? ஆசிரியருக்கே. மாணவருக்குக் கிடைப்பது முதற் காற்கூறு மட்டுமே. பேசாதிருத்தலே ஒழுக்கம் எனக் கொள்ளும் வகுப்பில் இரண்டாவது காற்கூறும் இல்லை. கல்வியில் முக்காற் பங்கை மாணவருக்கு மறுத்துவிட்டு, அவர்கள் கால் மதிப்பெண் பெறுகின்றனர் என்று நாம் குறைபட்டுக்கொள்வது முறையோ?

ஆகவே ஆசிரியரின் வளர்ச்சி என்று யான் நம்புவது இதுதான்: தம்மிடம் வந்து சேரும் அரைக்கூற்றை மாணவரிடம் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்தல். என் வகுப்பில் ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடம் அவர்களுடையது. அன்று கற்றதை ஒரு மாணவர் மற்றொருவருக்கு விளக்குவார்; கேட்டவர் ஒரு வினாவாவது எழுப்ப வேண்டும். விளக்குவது எந்த மொழியிலும் ஆகலாம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் தெலுங்கும் பேசி, புத்தகத்தில் ஆங்கிலம் காண்பவர்கள். ஆங்கிலத்தில் வாய் திறவாத பிள்ளை தமிழில் காரணகாரியத்தோடு விளக்குவதைக் கேட்ட பின்னர், மொழியின் தயக்கத்தை அறிவின் குறைவாக யான் எண்ணுவதில்லை. முதலில் தன் மொழியில் பொருள் தெளியட்டும். தெளிந்த பொருளைப் பிற மொழியில் ஏற்றுதல் பிந்திய வேலை.

இதற்குத் தடைகள் கூறுவோர் உண்டு. பாடத்திட்டம் முடியாது என்பர் சிலர். பத்து நிமிடம் பேசவிட்ட பாடத்தைத் தேர்வுக்கு முன் மீண்டும் நடத்த வேண்டியதில்லை என்பதால், ஆண்டு முடிவில் எனக்கு நேரம் மிஞ்சவே செய்கின்றது. இரைச்சல் என்பர் வேறு சிலர். உண்மைதான், என்ன கலவரம் என்று விசாரிக்க அடுத்த அறையிலிருந்து ஆள் வந்த நாளும் உண்டு. மாணவர் தவறாக விளக்கிவிட்டால் என் செய்வது என்பர் இன்னுஞ் சிலர். தவறு வெளியே வந்தால்தான் திருத்த முடியும்; தலையசைப்புக்குள் மறைந்திருக்கும் தவறு தேர்வுத் தாளில்தான் வெளிப்படும்.

பிறர்க்கு எடுத்துரைத்தல் இவ்வூருக்குப் புதிய வழக்கமும் அன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர் இதழும் நூலும் வெளியிட்டுத் தான் அறிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைத்தது. பொன் தீர்ந்துவிட்டது, அப்பழக்கம் தீர்ந்துபோக வேண்டும் என்பதில்லை. இரவில் களைத்துத் திரும்பும் தாயிடம், ‘இன்று என்ன படித்தாய்?’ என்ற கேள்விக்கு, ஒரு பவுனுக்கு எவ்வளவு கல் என்று விளக்கத் தெரிந்த பிள்ளை, அந்தத் தாய்க்கும் ஒரு பாடம் கொண்டுசெல்கின்றது அன்றோ?

நாளைய ஆசிரியர்களாகிய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டம் பெறும்வரை காத்திருத்தல் வேண்டா. இவ்வாரம் நீங்கள் கற்றவற்றுள் ஒன்றை, அதனை அறியாத ஒருவருக்கு உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள். அவர் எங்கே புருவத்தைச் சுருக்குகின்றார் என்று கவனியுங்கள். பின்னர் அவரையே அதனை உங்களுக்குத் திருப்பி விளக்கச் சொல்லுங்கள். ஆசிரியப் பயிற்சியின் முதல் நாள் அதுவே ஆகும்.